இயந்திரம் நளீரின் பெயரில்

இயந்திரம் நிறைந்துவிட்டது என்று இர்ஷானாவுக்கு முதலில் சொன்னவள் விதுர்ஷா. அவளிடம் படிக்கும் கரடியனாற்றுப் பிள்ளை. தலாக்குக்குப் பிறகு அறைக்குள் அடங்கி இத்தா இருக்கும் பெண்ணுக்குப் போனில் கோல் எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்: “மிஸ், காலையில இருந்து எழுதினதெல்லாம் போயித்து.”

இர்ஷானா லப்டொப்பைத் திறந்து பார்த்தாள். நினைவகம் விளிம்பு வரை இருந்தது. ஒரு பிள்ளை பெரிய கோப்பைத் திறந்தால் இன்னொரு பிள்ளையின் வேலை அறுந்தது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினாள். கொஞ்சம் இடம் கிடைத்தது. அவள் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அதுவும் நிறைந்தது.

வாவிக்கரையில் இருந்த ஒரு கற்கை நிலையம் அந்த இயந்திரத்தை நடத்தியது. புரோகிராம் எழுதப் படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரிடம் கணினி இல்லை. போன்தான். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுதினால் கணக்கை வேறோர் இடத்தில் இருக்கும் இயந்திரம் செய்து கொடுக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரே இயந்திரம். அது கையால் தொடக்கூடிய பெட்டியும் அல்ல. சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்குள் வாடகைக்கு எடுத்த ஒரு பங்கு. வாகரைப் பிள்ளையும் செட்டிபாளையத்துப் பிள்ளையும் ஏறாவூர்ப் பிள்ளையும் அந்தப் பங்குக்குள் ஒருவரை ஒருவர் காணாமல் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் காணக்கூடியவள், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இர்ஷானா மட்டும்.

இறுதி வருடப் பிள்ளைகள் வேலையை ஒப்படைக்கும் காலம் அது. நிலையத்தை நடத்தும் இளையதம்பி சேர் நல்ல மனிதர். இத்தா என்று அறிந்த நாள் முதல் அவளுக்குக் கோல் எடுப்பதில்லை. உம்மாவின் போனுக்குத்தான் எடுப்பார். உம்மா சொன்னாள், சேர் கேட்கிறார், இயந்திரத்தைப் பெரிதாக்கி விடட்டாம். நிறுத்தி, அளவை மாற்றி, திரும்பத் தொடக்குகிற வேலைதானே என்றாராம்.

அவர் சொன்னது சரி. அவ்வளவுதான் வேலை.

இயந்திரத்துக்குள் இர்ஷானா எதையும் செய்யலாம். அதற்கான சாவிக்கோப்பு அவளது லப்டொப்பில் இருந்தது. யாரையும் சேர்க்கலாம், நீக்கலாம், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிக்கலாம். ஆனால் இயந்திரத்தின் அளவை உள்ளே இருந்து மாற்ற முடியாது. அதற்கு வெளியே போய், நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் நுழைய வேண்டும். நுழைவதற்கு ஒரு கோட், ஆறு இலக்க இரகசிய எண், வேண்டும். கோட் டோஹாவில் இருக்கும் நளீரின் போனுக்கு வரும்.

நளீர் அவளுடைய கணவன். அல்லது, இத்தா முடியும் வரைக்கும் கணவன்.

கணக்கு அவன் பெயரில் இருந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. காத்தான்குடியில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இங்குள்ள கார்ட்டை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. நளீரின் கட்டார் கார்ட்டை ஏற்றது. இங்கே சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவனின் எண் மாறாது. மாறாத எண்ணாகக் கொடு என்று இர்ஷானாவேதான் அப்போது சொன்னாள். கலியாணமாகி முதல் விடுமுறைக்கு அவன் வந்திருந்த நேரம் அது. இரண்டு பேரும் இதே மேசையில் உட்கார்ந்து கணக்கைத் திறந்தார்கள்.

வீடு அவள் பெயரில் இருந்தது. வாப்பா மௌத்தாவதற்கு முன் கட்டி முடித்து மகளுக்கு எழுதிய வீடு. ஊர் வழக்கப்படி நளீர்தான் இங்கே மாப்பிள்ளையாக வந்து தங்கினான். ஆகவே இப்போது அவள் அடைந்திருந்ததும் தன் சொந்த வீட்டு அறையில்தான். ஒரு கட்டில், மேசை, தையல் மெசின், ஜன்னலுக்கு உம்மா கட்டிவிட்ட தடித்த திரை. திரைக்கு அப்பால் வீட்டு வளவு. வளவு முடிந்து இரண்டு வீடு தாண்டினால் வாவி. காற்று திரும்பும்போது சேற்று மணம் மட்டும் உள்ளே வரும்.

நளீரைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. அடிக்கமாட்டான். டோஹாவில் ஒரு சுப்பர் மார்க்கட்டின் களஞ்சியத்தில் வேலை. அங்கிருந்து இங்குள்ள எல்லாவற்றையும் அவன் நடத்தினான். அவள் எந்தக் கடையில் துணி எடுக்க வேண்டும், நிலையத்துக்கு எந்த ஒட்டோவில் போக வேண்டும், எந்தப் பெண்ணோடு கதைக்கலாம் என்பது வரை. கோபமாக அல்ல, அன்பாகத்தான் சொல்வான். மறுத்தால் பேசமாட்டான். வீட்டில் எல்லோருக்கும் கோல் எடுப்பான், அவளைத் தவிர. அவள் மன்னிப்புக் கேட்கும் வரை உம்மா மூலமாக அவளுடைய சுகத்தை விசாரிப்பான்.

ஒரு காலம் மட்டும் வேறு விதமாக இருந்தது. நாட்டில் பெற்றோலும் கரண்டும் இல்லாமல் போன வருடம். கரண்ட் போனதும் இங்கே எல்லாம் செத்துவிடும். இயந்திரம் சிங்கப்பூரில் தனியே ஓடும். சிக்கினால் தொடக்கிவிட ஆளில்லை. அப்போது அவள் போனில் மிச்சமிருக்கும் சார்ஜில் நளீருக்குச் சொல்லிக் கொடுப்பாள். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எவ்வளவு பொறுக்க வேண்டும். அவன் களஞ்சியத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று செய்வான். வந்திட்டு, வந்திட்டு என்பான். அவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான். பேசியது முழுக்க இயந்திரத்தைப் பற்றி.

தலாக்கை அவள் கேட்கவில்லை. கேட்க நினைத்திருந்தாள். பெண் கேட்டால் காதி நீதிமன்றத்தில் காதியாரிடம் எத்தனை தடவை போக வேண்டும், எதையெல்லாம் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு றஸீனா போய் வந்ததைப் பார்த்திருக்கிறாள். அடிக்காத, செலவுக்கு அனுப்பாமல் விடாத ஒரு மனிதனைப் பற்றி அங்கே என்ன சொல்வது? அதனால் சும்மா இருந்தாள். போன விடுமுறையில், வேலையை விட்டுவிட்டு டோஹாவுக்கு வா என்று அவன் சொன்னான். இவள் மாட்டேன் என்றாள். அது பெரிதாகி, அவனுடைய உம்மாவும் சேர்ந்து, கடைசியில் அவன் காதியாரின் முன் ஒரு தலாக் சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அவனுடைய சாமான்களை அவனுடைய தங்கை வந்து கட்டிக்கொண்டு போனாள். அவற்றோடு பழைய லப்டொப்பும் போனது.

கேட்காமலே கிடைத்தது. ஆனால் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு தலாக்கை இத்தாவுக்குள் கணவன் மீட்டுக்கொள்ளலாம், அவள் திரும்ப மனைவியாகிவிடுவாள். அதற்கு அவள் சம்மதிக்க வேண்டியதில்லை. அவன் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால், மூன்றாவது தடவை மாதவிலக்கானதும் எல்லாம் முடிந்துவிடும். முடிந்ததா இல்லையா என்பதில் பெண்ணின் சொல்லைத்தான் எடுப்பார்கள், சாட்சி கேட்கமாட்டார்கள்.

இரண்டு வந்து போய்விட்டது. மூன்றாவதுக்காக இர்ஷானா காத்திருந்தாள்.

உம்மா ஆரம்பத்திலேயே சொன்னது ஒன்றுதான். “அவன எழுப்பாத புள்ள. அவன் பாட்டுல கிடக்கட்டும்.”

ஆகவே இர்ஷானா அவனுக்குச் செய்தி அனுப்பவில்லை. வட்ஸ்அப்பில் படத்தை மாற்றவில்லை. பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. தூங்குகிறவனின் கட்டிலைக் கடந்து போகிறவளைப் போல நாட்களைக் கடந்தாள். இப்போது இயந்திரம் நிறைந்து, வழியை அவன் போனுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது.

இளையதம்பி சேருக்கு இதைச் சொல்ல முடியாது. கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கட்டாம் என்று உம்மாவைச் சொல்ல வைத்தாள். கூடப் பிறந்த மூத்தவரான காக்கா றிப்ஷானிடம் கேட்டாள், அவருடைய பேங்க் கார்ட்டில் புதிதாக ஒரு கணக்குத் திறக்கலாமா என்று. அவர் கார்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நிறுவனம் ஏற்கவில்லை. பேங்கில் கேட்டால், வெளிநாட்டுக்குப் பணம் கட்டக் கார்ட்டைத் திறந்துவிடக் கடிதம் வேண்டும் என்றார்கள். “அதுக்குள்ள மச்சானுட்ட ஒரு வார்த்த கேளன்” என்றார் காக்கா. அவருக்கு நளீரைப் பிடிக்கும். அவருடைய கடைக்கு முதல் போட்டவன் நளீர்.

பிழை அதற்கடுத்த காலை நடந்தது.

கணக்கில் இருக்கும் போன் எண்ணை மாற்ற ஏதாவது வழி எழுதியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தாள். பார்க்க மட்டும். நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தாள். கைகள் பழக்கத்தில் கடவுச்சொல்லை அடித்துவிட்டன. பழைய லப்டொப் அவளை அறியும். ஒருநாளும் கோட் கேட்டதில்லை. இந்த லப்டொப் அவளை அறியாது. பக்கம் மாறியது. உங்கள் எண்ணுக்குக் கோட் அனுப்பப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. கீழே ஆறு வெற்றுக் கட்டங்கள்.

பக்கத்தை மூடினாள். மூடுவதால் போனது திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். போனைத் தலையணைக்கடியில் வைத்தாள். அது அங்கேயே அதிர்ந்தது.

எடுக்காமல் விட்டால் காக்காவுக்கு எடுப்பான். எடுத்தாள்.

“கோட் ஒண்டு வந்திரிக்கி” என்றான் நளீர், ஸலாம் சொன்ன பிறகு. அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டிகளின் சத்தம். “நீதானே?”

“ஓம். தெரியாம அடிச்சிட்டன்.”

“மெஷின் நிறைஞ்சிட்டா?”

“கொஞ்சம்.”

“கோட்டச் செல்லட்டா?”

“வேணா. நான் ஒழுங்காக்கிட்டன்.”

அவன் சிரித்தான். “ஒனக்குப் பொய் செல்ல வராது இர்ஷானா.”

சாப்பிட்டாயா என்று கேட்டான். ஓம் என்றாள். உம்மா சுகமா என்றான். சுகம் என்றாள். கரண்ட் இல்லாத காலத்தில் அவள் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்ததை அவன் ஞாபகப்படுத்தினான். இப்போதும் அந்த வழி தனக்கு மனப்பாடம் என்றான். அவள், வைக்கிறன் என்று சொல்லி வைத்தாள்.

உம்மா வாசலில் நின்றாள். கையில் அரிசி களையும் பாத்திரம்.

“ஆரு?”

“அவருதான்.”

“நீ எடுத்தயா, அவன் எடுத்தானா?”

இர்ஷானா நடந்ததைச் சொன்னாள். உம்மாவுக்குக் கோட் விளங்கவில்லை. ஆனால் தூங்குகிறவனின் கதவைத் தெரியாமல் தட்டிவிட்டதுபோல ஒன்று விளங்கியது. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று கேட்டாள். தள்ளவில்லை, இன்னும் நாள் வரவில்லை என்றாள் இர்ஷானா.

அன்றே அவள் இயந்திரத்தை உள்ளே இருந்து பிரிக்கத் தொடங்கினாள். சுவரைத் தள்ள முடியாவிட்டால் இருப்பவர்களை நெருக்கிக் குறைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உச்ச அளவு வைத்தாள். ஊர்வாரியாக முறை போட்டாள். காலையில் கரடியனாறும் செட்டிபாளையமும், பகலுக்குப் பிறகு காத்தான்குடியும் ஏறாவூரும், மாலையில் வாகரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தை முழுக்கக் கரடியனாறு, வாகரை போன்ற தமிழ் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அந்த நேரம் காத்தான்குடியில் கடைகளே திறந்திருக்காது, யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

ஸஹ்ரா என்ற ஏறாவூர்ப் பிள்ளை உடனே கோல் எடுத்தாள். பெண் பிள்ளைகள் யாரும் ஜும்ஆவுக்குப் போவதில்லை என்பதை மிஸ் மறந்துவிட்டாரா என்று கேட்டாள். “ஆம்புளயள் பள்ளிக்குப் பெய்த்தாத்தான் மிஸ் எங்கட வீட்டுல ஒரு மூலையில குந்தி எழுதலாம். அந்த ஒரு மணித்தியாலத்தயும் எடுத்துப் போட்டீங்களே.”

இர்ஷானாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தாவில் முதல் தடவையாகச் சிரித்தாள். முறையை மாற்றினாள். ஜும்ஆ நேரம் பெண் பிள்ளைகளுக்கு, ஊர் எதுவானாலும். விதுர்ஷாவுக்கு இதைச் சொன்னபோது அவள், தங்கள் பக்கத்தில் ஆண்கள் கோயிலுக்குப் போனாலும் வீட்டில் சத்தம் குறையாது, லவுட்ஸ்பீக்கர் இருக்கிறது என்றாள்.

முறை வேலை செய்தது. இறுக்கமாகத்தான். விதுர்ஷா தன் ஊர் வட்டையில், அந்த வயல்வெளியில், மழைக்கு எந்த வயல் முதலில் மூழ்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் வயலும் அதற்குள் இருந்தது. முந்தி ஒரேயடியாக ஓடிய கணக்கை இப்போது துண்டு துண்டாக ஓட்டினாள். ஒவ்வொரு துண்டும் முடிய மிஸ்ஸுக்கு ஒரு வரி அனுப்புவாள். ஒப்படைக்கும் நாளைப் பிடித்துவிடலாம் போலிருந்தது. இர்ஷானா காலையில் எழுந்ததும் தன் உடம்பைக் கவனிப்பாள், பிறகு இயந்திரத்தைக் கவனிப்பாள். ஒன்று வர வேண்டும், மற்றது விழாமல் இருக்க வேண்டும். டோஹாவிலிருந்து வேறு கோல் வரவில்லை. அவன் திரும்பிப் படுத்துவிட்டான் என்று நம்பத் தொடங்கினாள்.

ஒரு முற்பகலில், கரடியனாற்றின் முறை நடந்துகொண்டிருந்தபோது, இயந்திரம் நின்றது.

சிக்கவில்லை. நின்றது. பிள்ளைகளின் பெயர்கள் திரையில் இருந்து ஒரேயடியாக இல்லாமல் போயின. இர்ஷானா உள்ளே போகப் பார்த்தாள். பதில் இல்லை. திரும்பப் பார்த்தாள். விதுர்ஷாவின் கோல் வந்தது, எடுக்கவில்லை. இளையதம்பி சேரின் கோல் உம்மாவின் போனில் அடித்தது. என்ன சொல்வது என்று உம்மா வாசலில் வந்து நின்றாள். இர்ஷானா பொறுக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் இயந்திரம் எழுந்தது. உள்ளே போய், அது கடைசியாக எழுதி வைத்திருந்த வரிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வேலையும் வரிசையாக மூடப்பட்டிருந்தது. விழுந்த இயந்திரம் அப்படி எழுதாது. யாரோ வெளியே இருந்து ஒழுங்காக நிறுத்தியிருந்தார்கள். பிறகு நினைவகத்தைப் பார்த்தாள். முன்பிருந்ததைப் போல நான்கு மடங்கு. டிஸ்க்கும் பெருத்திருந்தது. யாரும் கேட்காத டிஸ்க். அந்தப் பக்கத்தில் எதைப் பெரிதாக்க வேண்டும் என்று தெரியாத ஒருவன், எல்லாவற்றையும் பெரிதாக்கியிருந்தான்.

விதுர்ஷா மறுபடி எடுத்தாள். “மிஸ், பறக்குது. முழு வட்டையும் ஒரேயடியா ஓடித்து. என்ன மிஸ் செஞ்ச நீங்க?”

“நான் ஒண்டும் செய்யல்ல.”

விதுர்ஷா சிரித்தாள். மிஸ் எப்போதும் இப்படித்தான் என்றாள். பின்னால் வேறு பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நிலையத்தின் குழுவில் இளையதம்பி சேர் நன்றி எழுதியிருந்தார். அதன் கீழே பிள்ளைகள் பூக்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இர்ஷானா தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நளீரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவனுடைய பழக்கம் அது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர்களுக்குச் சொல்வான்.

ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு, நடுப்பகல் கழிந்து, காக்கா வந்தார். செருப்பை வாசலில் கழற்றும்போதே குரல் பெரிதாக இருந்தது. அறைக்குள் வந்து தையல் மெசினின் மேல் ஒரு பையை வைத்தார். உள்ளே மஸ்கற் இனிப்பு.

“மச்சான் மீட்டிட்டாரு” என்றார். “இண்டைக்கு விடியச் சுபஹுக்கே சாட்சி வச்சிச் சொல்லிட்டாராம். காதியாருக்கும் அறிவிச்சாச்சி.”

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெஷினையும் பெருசாக்கிக் குடுத்தாராமே. நீ கேட்டயாம். மனுசனுக்கு அவ்வளவு சந்தோசம். இவ்வளவு நாளும் ஒரு சொல்லும் இல்ல, கோட் வந்தபோதுதான் எனக்கு உசிர் வந்தெண்டு செல்றாரு.”

“நான் கேக்கல்ல காக்கா.”

“கோட் வந்திச்சுதானே?”

“வந்திச்சு.”

“மறுகா என்ன” என்றார் காக்கா.

அவள் வேண்டுமென்று அனுப்பவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று இர்ஷானா யோசித்தாள். கைகள் அடித்தன, பக்கம் அனுப்பியது, அவன் கேட்டான், அவள் வேண்டாம் என்றாள். ஒவ்வொன்றும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்தால் வெட்கப்பட்ட ஒரு மனைவியின் கதையாகத்தான் வந்தது. காக்கா போனை எடுத்து, மச்சான் பதிலுக்குக் காத்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசு என்றார். அவள் கையை நீட்டவில்லை.

உம்மா காக்காவை வெளியே அழைத்தாள். கேத்தல் கொதிக்கிறது, பிளேன்டீ ஊத்திக் குடி, புள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்தி, கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“இத்தா நேத்தே முடிஞ்சிட்டெண்டு செல்லட்டா?” என்றாள்.

குரல் இவளுக்கு மட்டும் கேட்கும் அளவு. இர்ஷானா நிமிர்ந்தாள். உம்மா ஐந்து நேரமும் தொழுகிறவள். மிச்சக் காசு கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடக்கிறவள்.

“நேத்துப் பொழுதுபட, மஃரிபோட முடிஞ்சி. அவன் சுபஹுக்குச் சொன்னது செல்லாது. ஆரும் கேக்க ஏலா. ஒன்ட சொல்லுத்தான்.”

வெளியே காக்கா கோப்பையைத் தேடும் சத்தம். லப்டொப் திரையில் கரடியனாற்றுப் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. நினைவகத்தில் கால்பங்கு கூட நிறையவில்லை. விதுர்ஷாவின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, வயல் வயலாக.

ஒரு சொல் சொன்னால் அறை திறக்கும். அவன் நம்பமாட்டான். ஒனக்குப் பொய் செல்ல வராது என்றவன் அவன். நம்பாமல் என்ன செய்வான்? கோபப்படமாட்டான். பேசாமல் இருப்பான். களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, அவள் சொல்லிக் கொடுத்த அதே வழியில் போய், நிறுத்துகிற பொத்தானைத் தொட்டால் போதும். தொடாமலும் விடலாம். இரண்டும் அவன் கையில். ஒப்படைக்கும் நாள் வந்துகொண்டிருந்தது.

அதைவிட, அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு தன் உடம்பே தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்றோ நாளையோ அது வரும். வரும்போது அவளுக்கும் உம்மாவுக்கும் மட்டும் தெரியும். உம்மா அதை எந்தத் தொழுகைக்குள் கொண்டுபோய் வைப்பாள்?

“இன்னும் வரல்ல உம்மா” என்றாள்.

உம்மா தலையை அசைத்தாள். அவள் முகத்தில் ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரையின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. வளவில் காய்ந்த துணிகள், அப்பால் கூரை, கூரைக்கு மேலால் வாவியின் ஒரு துண்டு. இனி மறைந்திருக்க வேண்டியதில்லை. நிலையத்துக்குப் போகலாம், நளீர் சொல்லும் ஒட்டோவில்.

“வெளிய வா” என்றாள் உம்மா.

“கொஞ்சம் பொறுங்க.”

இர்ஷானா லப்டொப்பின் பக்கம் திரும்பினாள். இயந்திரத்தின் அளவைத் திரும்பக் குறைக்கலாம். டிஸ்க்கைக் குறைக்க முடியாது. அது அப்படித்தான், பெருத்தது பெருத்ததுதான். உள்ளே இருப்பவற்றை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டு, பழையதை அப்படியே விட்டுவிடுவது ஒன்றுதான் வழி. அந்த வழிக்குக் கோட் தேவையில்லை. உள்ளே இருந்தே செய்யலாம். மெதுவாகத்தான் நடக்கும்.

மேசை லாச்சியில் இருந்த வெளி டிரைவை எடுத்துப் பொருத்தினாள். பிள்ளைகளின் கோப்புறைகளை ஒவ்வொன்றாக இறக்கக் கட்டளை கொடுத்தாள். குழுவில், எல்லோரும் தங்கள் வேலையில் ஒரு பிரதியைத் தங்கள் போனிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். ஏன் மிஸ், இப்போதுதானே இடம் இருக்கிறது என்று ஸஹ்ரா கேட்டாள். இர்ஷானா இளையதம்பி சேருக்கு, நிலையத்தின் பெயரில் புதுக் கணக்குத் திறக்கப் பேங்கில் கடிதம் கேட்கச் சொல்லி எழுதினாள். காதியாரிடம் தானே போய்த் தலாக் கேட்பதென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று றஸீனாவிடம் எப்படி விசாரிப்பது என்று யோசித்தாள். அடிக்காத மனிதனைப் பற்றிச் சொல்வதற்கு இன்னும் அவளிடம் வார்த்தை இல்லை.

காக்கா வாசலில் நின்று போனை நீட்டினார். திரையில் நளீர் இருந்தான். தெரிகிறதா, இப்போது ஓடுகிறதா என்று கேட்டான்.

“ஓடுது” என்றாள் இர்ஷானா.

விதுர்ஷாவின் கோப்புறை இறங்கத் தொடங்கியிருந்தது. கோடு அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகம்.